பூங்காவனம் ஏன் கதவைத் திறக்கவில்லை

இருதயமேரி டீச்சருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. திண்டிவனத்தில் அவர் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளியில், கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு, கடைசி பெஞ்சிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து மறுபடி கரும்பலகை என்று பாடவேளை முழுக்க நடந்துகொண்டே இருப்பார். ஆசிரியருக்கென்று வகுப்பில் போட்டிருந்த நாற்காலி சும்மாவே கிடந்தது. அந்த நாற்காலியில்தான் அவர் பிள்ளைகளை உட்கார வைக்கத் தொடங்கினார்.

துணைப்பாடத்தில் ஒரு கதை முடிந்தால், மறுநாள் அந்தக் கதையில் வரும் ஒருவராக ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஏன் அப்படிச் செய்தாய், அவர் உனக்கு என்ன உறவு, அந்த உறவு எப்போது கெட்டது என்று துருவுவார்கள். பதில் கதைக்குள்ளிருந்து வர வேண்டும். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ‘அது கதையில் இல்லை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ‘தியாக உள்ளம் கொண்டவள்’, ‘தன்மானம் மிக்கவன்’ என்று நோட்ஸில் அச்சடித்திருப்பதை ஒப்பிக்கிற பிள்ளையை டீச்சர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்.

பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் ஆர்த்திக்கு இந்தச் சத்தம் ஆகாது. “தமிழம்மா பாடம் நடத்துறாங்களா, பஞ்சாயத்து நடத்துறாங்களா” என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்பார். மேரி டீச்சர் சிரித்துவிட்டு, கையில் டீ கிளாசோடு நடந்துகொண்டிருப்பார்.

அவருடைய பெற்றோர் மயிலம் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியரான மேரி, தம்பி இருதயராஜைத் தன் சம்பளத்தில் படிக்க வைத்தார். தம்பிக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது; விழுப்புரத்தில் குடியேறினார். கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்பார். அது பெரும்பாலும் உண்மைதான். அம்மா சவுரியம்மாள் பேரனைப் பார்த்துக்கொள்ள விழுப்புரத்துக்குப் போனதும், ஞாயிறுதோறும் டீச்சர் பாசஞ்சர் ரயிலில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி அவருக்கு விழுப்புரத்திலேயே விழுந்தது. காலையில் ரயிலில் போய், மாலையில் ரயிலைப் பிடிக்க ஓடி வருவார். அம்மா இருந்த வீடு அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அந்த வாரம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த தம்பியிடம், “அக்காகிட்ட சொல்லாத. பேப்பர் திருத்திக்கினு இருக்கா, பதறிடுவா” என்று அம்மா சொன்னாராம். தம்பியும் சொல்லவில்லை. கடைசியில் தம்பி போன் செய்த அன்று அம்மா உயிரோடு இல்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும் டீச்சர் தம்பியிடம், “இனிமே நீ என்னத் தேடி வராத” என்றார். அதன்பின் தம்பியின் போனை அவர் எடுக்கவில்லை. தம்பி சில தடவை திண்டிவனம் வந்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார். பூட்டாத கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஒரு தடவை பள்ளிக்கே வந்தார். டீச்சர் ஓய்வறையில் இருந்துகொண்டு, வராந்தாவில் போன ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, மிஸ் லீவு என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். அந்தப் பிள்ளை யார் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பியின் முகம் சன்னல் வழியே தெரிந்துவிடுமோ என்ற பதற்றத்தில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார்.

இந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து, முதல் திருப்புதல் தேர்வும் முடிந்த வாரத்தில், பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு டீச்சர் நடத்திய கதை சிறியது. பூங்காவனம் என்ற பெண். அவளுடைய தம்பி கன்னியப்பன் ஊரை விட்டுப் போனவன்; தாய் செத்ததற்குக்கூட வராதவன். பல வருஷம் கழித்து ஒரு மாலை நடந்தே வந்து கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள், திறக்கவில்லை. கதை அத்தோடு முடிகிறது. ‘பூங்காவனம் ஏன் கதவைத் திறக்கவில்லை?’ என்பதுதான் கேள்வி. நோட்ஸில் தன்மானம் என்று போட்டிருந்தது.

மறுநாள் நாற்காலிக்கு யார் என்று கேட்டபோது எழுந்து வந்தவள் கலைப்பிரியா. கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் அதிகம் பேசாதவள். வந்து உட்கார்ந்து தாவணியை இழுத்துவிட்டுக்கொள்வதுபோலச் சீருடைத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பையன்கள் சிரித்தார்கள்.

முதல் கேள்வி வல்லரசுவுடையது. “ஏம்மா பூங்காவனம், தம்பி வந்து தட்டும்போது நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“அடுப்பு பத்த வச்சிக்கினு இருந்தேன். ரெண்டாவது பக்கத்துல இருக்குது.”

“வந்தது அவன்தான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். தட்டுற தட்டிலேயே தெரிஞ்சிதுன்னு அடுத்த வரியில வருது.”

“தெரிஞ்சும் ஏன் தொறக்கல?”

தன்மானம் என்று சொல்லி எழுந்து போகப் போகிறாள் என்று டீச்சர் நினைத்தார். கலைப்பிரியா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“தொறந்தா உள்ள வந்துடுவான். வந்து ஒக்காந்து தண்ணி கேப்பான். தண்ணியக் குடுத்துட்டு அப்பறம் எப்பிடி கோவமா இருக்கறது?”

இரண்டொருவர் சிரித்தார்கள்.

“அவன் வர்ற பஸ் எதுன்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல நான் வாசப்பக்கம் போக மாட்டேன். வெளிய யாரு கொரலாவது கேட்டா எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுவேன்.”

“கதையில ஏதும்மா பஸ்ஸு? அவன் நடந்துல்ல வர்றான்” என்றான் வல்லரசு.

அவள் நிறுத்தாமல் தொடர்ந்தாள். “எனக்கு கோவம் அவன் மேல இல்ல. அவன் மேலதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்லத் தெரியல.”

வகுப்பு சட்டென்று அடங்கியது. பையன்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எந்த வரி என்று யாரும் கேட்கவில்லை. சன்னலருகே போய்க்கொண்டிருந்த டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார். ‘அது கதையில் இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். மணி அடித்ததும் புத்தகத்தை மறந்துவிட்டு வெளியே வந்தார்.

இத்தனை வருஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசியதில்லை. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்? வீட்டில் பார்க்காமல் வராது. அந்த வீட்டில் யாரோ யாருக்கோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அதற்குள் இந்தப் பெண் மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்படித்தான் டீச்சர் கதையைக் கட்டினார்.

சனிக்கிழமை கிளியனூர் போகிறேன் என்று சொன்னபோது ஆர்த்தி நெற்றியைச் சுருக்கினார். “கதைய நடத்துனா கதையோட விடணும் தமிழம்மா. வயசுப் பொண்ணு வீட்டுக்கு டீச்சர் தேடிக்கினு போனா, அவங்க வேற மாதிரி நெனப்பாங்க.”

“நான் பக்குவமா கேட்டுக்குவேன் ஆர்த்தி.”

பக்குவம் என்பது பஸ்ஸில் போகிற வரைக்கும் இருந்தது.

கிளியனூரில் ரோட்டை விட்டு உள்ளே, சொந்த நிலத்தில் பயிர் செய்கிற குடும்பம். விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கத் தோலும் பருப்பும். அப்பா சீனுவாசன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக் கும்பிட்டார். அம்மா கவிதா உள்ளே ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டாள். எல்லாருக்கும் வாசலில்தானா, தனக்கு மட்டும்தானா என்று டீச்சர் யோசிக்கவில்லை. யோசித்து யோசித்து அலுத்துப்போன கேள்வி அது. கவிதாவின் தம்பி ரஞ்சித், கோட்டக்குப்பத்தில் செல்போன் கடையில் இருப்பவன், தட்டில் சோற்றோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். கலைப்பிரியா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள்.

“நல்லா படிக்கிறாளா டீச்சர்?”

“நல்லா படிக்கிறா. அதுக்கில்ல. உங்க வீட்டுல யாருக்காவது மனத்தாங்கல் உண்டா? பேச்சுவார்த்த இல்லாம, வராம போவாம யாராவது?”

கவிதா சிரித்துவிட்டாள். “எங்க டீச்சர், வராம இருந்தா நிம்மதிதான். இதோ பாருங்க, எந்தம்பி வாரத்துக்கு ரெண்டு தடவ சாப்பாட்டுக்கு வந்து நிக்கிறான்.”

“கொழம்பு ஊத்துறதுக்குக் கணக்கு சொல்ற பாரு அக்கா” என்றான் ரஞ்சித்.

“இவன் வரலன்னாதான் மல்லாட்டை மிச்சமாவும்” என்றார் சீனுவாசன்.

அந்தச் சிரிப்பில் மூடிய கதவு எதுவும் இல்லை. அது டீச்சருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு உட்கார முடியவில்லை. எழுந்து தோல் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, மறைக்கிறார்கள் என்றே நினைத்து, இன்னும் நேராகக் கேட்டார்.

“இல்ல, கலைப்பிரியா மனசுல ஏதோ ஒண்ணு இருக்குதுங்க. கிளாஸ்ல சொன்னா. அவன் வர்ற பஸ் எதுன்னு எனக்குத் தெரியும், கதவத் தொறந்தா உள்ள வந்துடுவான்னு. சின்னப் பொண்ணு, அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு.”

சீனுவாசனின் கையிலிருந்த மல்லாட்டை உடையவில்லை. ரஞ்சித் தட்டைக் கீழே வைத்தான்.

“எந்த பஸ்ஸு?” என்றார் சீனுவாசன்.

“அது கதைங்க. அவ கதையில வர்ற பொண்ணா ஒக்காந்துதான் சொன்னா.”

“கதையில வர்றவன் பஸ்ஸுல வர்றானா டீச்சர்?”

“கதையில நடந்துதான் வர்றான்” என்று டீச்சர் உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அதற்குமேல் அவர் எவ்வளவோ விளக்கினார். நாற்காலி, கேள்வி, எந்த வரி என்று காட்டுவது எல்லாம் சொன்னார். சீனுவாசன் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். “வந்து சொன்னதே பெரிய விஷயம் டீச்சர். இனிமே நாங்க பாத்துக்கறோம்” என்றார். அந்த ‘நாங்க’வில் ரஞ்சித்தும் இருந்தான், அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கலைப்பிரியா வரவில்லை. கவிதாவுக்குப் போன் செய்தால், ஒடம்பு சரியில்லிங்க என்று வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்று மாலை திண்டிவனம் பஸ் நிலையத்தில், பாண்டிச்சேரி வண்டிகள் நிற்கும் பக்கம் ரஞ்சித் நிற்பதை டீச்சர் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்குகிற பையன்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரைக் கண்டதும் கிட்டே வந்து, “கவலைப்படாதீங்க டீச்சர். எவன்னு மட்டும் தெரியட்டும்” என்றான்.

“எவனும் இல்லப்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“நீங்க பொண்ணக் காப்பாத்தப் பாக்குறீங்க. டீச்சருன்னா அப்பிடித்தான் இருப்பாங்க. எங்க மாமா முடிவு பண்ணிட்டாரு. பரீட்சைக்கு மட்டும் நான் வண்டியில கூட்டிக்கினு போயி எழுதவச்சி கூட்டியாந்துடுவேன். அதுக்கு மேல ஸ்கூலு வேணாம்.”

“பதினொண்ணாவது?”

“அதான் சொன்னேனே டீச்சர். வேணாம்.”

புதன்கிழமை காலை டீச்சர் பி பிரிவுக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்பதே பிள்ளைகளுக்குப் புதிது.

“கலைப்பிரியாவுக்கு யாராவது உண்டா? எனக்குத் தெரியணும். திட்ட மாட்டேன்.”

அவளுடைய பக்கத்து இடத்துக்காரி மலர்விழி தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். “நீங்கதான் மிஸ் அவங்க வீட்டுல போயி சொன்னீங்களாம். அவங்கப்பா புக்கு பையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாராம்.”

“அதான் கேக்குறேன். அவ எத வச்சி அப்பிடிச் சொன்னா?”

மலர்விழி வல்லரசுவைப் பார்த்தாள். வல்லரசு, “நீயே சொல்லு” என்றான்.

“மிஸ், அது அவ வீட்டுது இல்ல மிஸ். உங்களுது.”

டீச்சருக்குப் புரியவில்லை.

“உங்க தம்பி வந்தப்ப மிஸ் லீவுன்னு சொல்லச் சொல்லி அவளத்தான அனுப்புனீங்க. அவ வந்து எங்ககிட்ட சொன்னா. கல்லறையில எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னத மயிலத்துலேர்ந்து வர்ற புள்ளைங்க சொன்னாங்க. அப்பலேர்ந்து எங்களுக்குத் தெரியும். விழுப்புரம் வண்டி வர்ற நேரத்துக்கு நீங்க அந்தச் சன்னலுகிட்ட போவ மாட்டீங்க. வேற பக்கமா நடப்பீங்க.”

அன்றைக்கு வகுப்பு அடங்கியதன் காரணம் இப்போதுதான் தெரிந்தது. கதை நெஞ்சைத் தொட்டதால் அடங்கவில்லை. தமிழ் மிஸ் என்ன செய்யப் போகிறாரோ என்ற பயத்தில் அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று வகுப்பில் தெரியாமல் இருந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

“படிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் ஆர்த்தி எதிர்ப்பட்டார். முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல், “மதியத்துக்கு மேல உங்க கிளாஸ நான் பாத்துக்கறேன், போங்க” என்றார்.

கிளியனூர் போகிற வண்டியில் உட்கார இடம் இருந்தும் டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுக அடுக்கிப் பார்த்தார். பாடத்தின் நோக்கம், பாத்திரத்தைப் புரிந்துகொள்ளும் முறை என்று தொடங்கிய ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் நின்றது. ஒரு பெண்ணின் படிப்பு போய்க்கொண்டிருக்கிறது. அதை மீட்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அதை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் மல்லாட்டை வேலை முடிந்திருக்கவில்லை. இந்தத் தடவை கலைப்பிரியாவும் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள், வணக்கம் சொல்லவில்லை. சீனுவாசன் நாற்காலியைக் காட்டினார். டீச்சர் உட்காரவில்லை.

“உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லிங்க. அவ சொன்னது என்னப் பத்தி. எனக்கு ஒரு தம்பி இருக்கான். நான் அவன்கூடப் பேசறதில்ல. ஸ்கூலுக்கு வந்தப்ப இவளத்தான் அனுப்பி லீவுன்னு பொய் சொல்லச் சொன்னேன். அத வச்சித்தான் அவ அன்னைக்கி சொன்னா. எனக்கே அது தெரியல.”

சீனுவாசன் மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “பெரியவங்க நீங்க. இவளுக்காகப் பழிய உங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க.”

“சத்தியமா இல்லிங்க.”

“போன தடவ வந்து வேற மாதிரி சொன்னீங்க. இன்னைக்கி வந்து இப்பிடிங்கறீங்க. நான் எத டீச்சர் நம்பறது?” குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “எம்பொண்ணு ரோட்டுல போனா நாலு பேரு பாக்கறான். நீங்க பஸ்ஸேறிப் போயிடுவீங்க. நான் இந்த ஊர்லதான் இருக்கணும்.”

கவிதா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “மெய்யாலுமே உங்களுக்குத் தம்பி இருக்காரா டீச்சர்?” என்று கேட்டாள்.

“விழுப்புரத்துல. ரயில்வேயில.”

“அப்ப போன் போடுங்க” என்றார் சீனுவாசன். “நீங்க பேச வேணாம். எங்கிட்ட குடுங்க. நான் கேக்கறத அவரு சொல்லிட்டா, நாளைக்கே பொண்ண அனுப்பறேன்.”

டீச்சர் கைப்பையைத் திறந்தார், மூடினார். வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கலைப்பிரியா ஒரு மல்லாட்டையை உடைக்காமல் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சவில்லை, அது டீச்சருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“மிஸ், நீங்க எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்” என்றாள்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

அவள் யோசித்தாள். “மாட்டேன் மிஸ்.”

சீனுவாசனுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. டீச்சர் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றார். சீனுவாசன் ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டாவது மணி முடிவதற்குள் எதிர்ப்பக்கம் எடுத்தது.

“அக்கா? யக்கா, என்னாச்சி?”

“ஐயா, நான் கிளியனூர்லேர்ந்து பேசறேன். டீச்சருக்கு ஒண்ணும் இல்ல, இங்கதான் நல்லா இருக்காங்க. ஒரு சங்கதி கேக்கணும். நீங்க டீச்சரத் தேடி ஸ்கூலுக்கு வந்தீங்களா?”

பின்னால் ரயில் நிலையத்துச் சத்தம் கேட்டது.

“வந்தேங்க. போன வருஷம் மழக்காலத்துல.”

“டீச்சரப் பாத்தீங்களா?”

“இல்லிங்க. ஒரு பொண்ணு வந்து, மிஸ் லீவு சார்ன்னுச்சி. ஒல்லியா, மூக்குத்தி போட்டுக்கினு. சொல்லிட்டுப் போவாம அங்கியே நின்னுச்சி. நான் நனஞ்சிருந்தேன். தண்ணி வேணுமா சார்ன்னு கேட்டுது. அக்கா உள்ளதான் இருக்காங்கன்னு அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தே தெரிஞ்சிக்கினேன். பொய் சொல்லத் தெரியாத புள்ள. ஏங்க, அந்தப் பொண்ணுக்கு எதுனா பிரச்சினையா?”

கவிதா மகளின் மூக்குத்தியைப் பார்த்தாள். சீனுவாசன் போனைக் கீழே இறக்கினார்.

கோட்டக்குப்பம் கடையை விட்டுவிட்டு வந்து, படலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரஞ்சித் பெருமூச்சு விட்டான். “நான் வேலைக்கிப் போவாம பஸ் ஸ்டாண்டுல தேடிக்கினு இருந்தவன் இவருதானா மாமா? நல்லவேள, கெடைச்சிருந்தா ரயில்வேக்காரரு மேல கைய வச்சிருப்பேன்.”

“நீ கைய சோத்துல மட்டும் வை” என்றாள் கவிதா.

சீனுவாசன் மகள் பக்கம் திரும்பினார். “பரண்லேர்ந்து பைய எடு. நாளைக்கிப் போ. செல்போன மட்டும் குடுக்க மாட்டேன்.”

“போன யாரு கேட்டா?” என்றாள் கலைப்பிரியா. ஏணியை எடுக்க உள்ளே போகிறவள், வாசற்படியில் ஒரு தடவை நின்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் முழுக்கத் தீரவில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. நாளை வகுப்பில் அதோடுதான் வந்து உட்காருவாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. உட்காரட்டும் என்றும் தோன்றியது.

“டீச்சர், லைன்ல இருக்காரு” என்று சீனுவாசன் போனை நீட்டினார். ஸ்பீக்கரை அவரே அணைத்துவிட்டிருந்தார்.

வாங்காமல் இருக்க வழியில்லை. அத்தனை பேரும் அவரைப் பார்க்காமல் இருப்பதற்காக மல்லாட்டையின் மேல் குனிந்துகொண்டார்கள். டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல், தெருவில் இறங்கி ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“அக்கா, இருக்கியா?”

“ம்.”

“கிளியனூர்ல இன்னா பண்ற?”

“பேசிக்கினுதான் இருக்கேன்.”

“யாருகூட?”

டீச்சர் பாதித் தெரு நடந்தார். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கல்லறையில் அன்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னது, இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்துவிடக் கூடாது என்றுதான்.

“ராஜு, ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நான் அந்த ஊர்லதான் இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் ரயில் நிலையத்துச் சத்தம் குறைந்தது; தம்பி ஓரமாகப் போயிருக்க வேண்டும்.

“தெரியுங்க்கா. நீ ரயிலுக்குப் போற நேரத்த கேட்டுக்கினே இருந்திச்சி. மணியாயிடுச்சா, வண்டி ஏறிட்டிருப்பாளான்னு.”

“நான் வரலன்னு சொல்லிச்சா?”

“போன்ல எப்பிடிக்கா அதெல்லாம். நேர்ல சொல்றேன்.”

“நேர்லன்னா எப்ப?”

“நீ சொல்லு.”

டீச்சர் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தார். திண்டிவனம் போகிற வண்டி வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “ஏறும்மா, ஜல்தி” என்றார். டீச்சர் ஒரு கையால் போகச் சொல்லிவிட்டு, ரோட்டோரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே, “இப்பவே சொல்லு. நான் நடந்துக்கினேதான் இருக்கேன், சொல்லு” என்றார். தம்பி சொல்லத் தொடங்கினார். அடுத்த வண்டியும் அவரை ஏற்றாமல்தான் போயிற்று.